பட்ஜெட் வெட்டில் ராணுவ ரிசர்வ் பேண்டுகள்: வைத்துக்கொள்வதா, கலைப்பதா? (புனைபெயரில் ஐவர் விவாதம்)

வரவுசெலவு

பிரிட்டனை வைத்தே பேசலாம். பணம் குறையும்போது ராணுவத்தின் பகுதிநேர இசைக்குழுக்களை, அதாவது ரிசர்வ் பேண்டுகளை, வைத்துக்கொள்வதா என்ற சண்டை அங்கேதான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. 2010-இல் முழுநேரத் தரைப்படை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இலக்கு 82,000 ஆயிற்று. 2021-க்குப் பிறகு 73,000 பக்கம் வந்து நிற்கிறது. முழுநேர ராணுவ பேண்டுகளையும் 1994-இல் 69-இலிருந்து 30 அளவுக்கு ஒரே வெட்டாக வெட்டினார்கள். 1857 முதல் ராணுவ இசைப் பள்ளி இயங்கிய நெல்லர் ஹாலையே 2021-இல் மூடி, கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும், வேறு வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகக் கூடும் ரிசர்வ் பேண்டுகள் 20 அளவில் அப்படியே இருக்கின்றன.

ஒரு ரிசர்வ் மருத்துவப் பிரிவுக்குப் பயிற்சி நாள் இல்லை என்று கைவிரிக்கும் நேரத்தில், அணிவகுப்பு வாசிக்க நாள் ஒதுக்குவது எப்படிச் சரி? அமெரிக்காவில் 2015-இல் ராணுவ இசைக்குழுக்களுக்கு ஆன செலவு 43.7 கோடி டாலர். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017-இல் கேட்டது ஒன்றுதான்: இதனால் என்ன விளைந்தது என்று எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? படைகளிடம் ஒழுங்கான பதில் இல்லை. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பார்வையாளர் என்ற எண்ணிக்கை இருந்தது, அவ்வளவுதான்.

என் யோசனை: ரிசர்வ் பேண்டுகளை வட்டாரத்துக்கு ஒன்றாக இணைத்து 6 அல்லது 7 ஆக்குங்கள். மிச்சமாகும் பயிற்சி நாட்களைச் சண்டைப் பிரிவுகளுக்கும் மருத்துவப் பிரிவுகளுக்கும் கொடுங்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஊர் பித்தளை பேண்டுகள் இருக்கின்றன.

பித்தளைக்குழல்

வரவுசெலவு சாருக்கு ஒரு கணக்கு. 35 பேர் கொண்ட ரிசர்வ் பேண்டு. வட்டாரப் பிரிவில் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சக் கடமை 27 நாள். 35 × 27 = 945 நாள். ரிசர்வ் வீரரின் ஒரு நாள் சம்பளம் ஆண்டுச் சம்பளத்தில் 365-இல் ஒரு பங்கு. ஆக, மொத்தம் 2.6 ஆண்டுச் சம்பளம். ராணுவ வாழ்க்கையின் சிரமத்துக்காக முழுநேர வீரருக்குச் சேர்க்கும் 14.5 சதவீதம் ரிசர்வ் ஆளுக்கு 5 சதவீதம்தான். அதையும் கணக்கில் எடுத்தால், முழுநேர ஆளோடு ஒப்பிடுகையில் செலவு இன்னும் இறங்கும். இதே 945 நாள் வேலையை முழுநேர ஆட்களிடம் வாங்கினால் என்ன ஆகும்? வார இறுதியும் விடுப்பும் போக ஒருவருக்கு ஆண்டில் 220 நாள்தான் கிடைக்கும். நான்கு பேருக்கு மேல் வேண்டும்.

20 பேண்டுகளையும் சேர்த்தால் 52 ஆண்டுச் சம்பளம். 73,000 பேர் கொண்ட படையில் இதை வெட்டி எந்த ஓட்டையை அடைக்கப் போகிறீர்கள்?

அப்படியானால் இது ஏன் எப்போதும் வெட்டுப் பட்டியலில் முதலில் நிற்கிறது? ரிசர்வ் பயிற்சி நாள் என்பது உடனே மூடக்கூடிய குழாய். கப்பலுக்கும் கவச வண்டிக்கும் ஒப்பந்தம் போட்டாயிற்று, தொட முடியாது. முழுநேர ஆளின் சம்பளத்தை நடு ஆண்டில் நிறுத்த முடியாது. பயிற்சி நாளை அடுத்த வாரமே நிறுத்தலாம். 2009 அக்டோபரில் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். 2 கோடி பவுண்டு மிச்சப்படுத்த, பேண்டு மட்டுமில்லை, பிரதேச ராணுவம் (ரிசர்வ் படையின் அன்றைய பெயர்) முழுவதற்கும் ஆறு மாதம் பயிற்சி கிடையாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் கோர்டன் பிரவுன் அரசு பின்வாங்கியது.

காயக்கட்டு

‘தொகை சின்னது, அதனால் விட்டுவிடு’ என்பது ஒரு வாதமே இல்லை. குதிரைப் பிரிவும் அதையே சொல்லும், அருங்காட்சியகமும் அதையே சொல்லும், விளையாட்டுக் குழுவும் அதையே சொல்லும். பத்துச் சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது.

அடுத்து வரப்போகும் வாதத்துக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: ‘பேண்டுக்காரர்கள் போர்க்காலத்தில் காயம்பட்டவர்களைத் தூக்குவார்கள்.’ உண்மை. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் பேண்டுக்காரர்கள் கள மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். இந்திய ராணுவத்திலும் பேண்டு வீரர்களுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கும் கடமை உண்டு. ஆனால் அந்த வேலை இன்று அப்படியே இல்லை. ரத்தப்பெருக்கை நிறுத்தும் டூர்னிகே எங்கே கட்டுவது, எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எங்கே எழுதுவது, மார்பில் ஓட்டை விழுந்தால் எந்த ஒட்டுப்பட்டை, மூச்சுக்குழாயை எப்படித் திறந்து வைப்பது: இவற்றைக் கையே தானாகச் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லா ரிசர்வ் வீரர்களைப் போல பேண்டுக்காரர்களும் ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படைத் தேர்வை முடிக்கிறார்கள். அது எந்தச் சிப்பாய்க்கும் உள்ள குறைந்தபட்சம். அதை வைத்து ‘இரண்டாம் பணி’ என்று பெயர் சூட்டி பேண்டைக் காப்பாற்றாதீர்கள். 27 நாளில் 25 நாள் வாத்தியம் வாசிப்பவர் மருத்துவ உதவியாளர் ஆகமாட்டார்.

2020-இல் கொரோனா பரிசோதனை மையங்களில் முழுநேர பேண்டுக்காரர்களை நிறுத்தினார்கள். நல்லது. அதற்கு யாரை வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம்.

ஒலிபெருக்கி

மதுரையிலிருந்து ஒரு கேள்வி. அணிவகுப்புக்குத் தாளம்தானே வேண்டும்? இன்றைக்கு நல்ல ஸ்பீக்கர் வரிசை வைத்தால் ஒரு கிலோமீட்டர் தெருவுக்கும் துல்லியமாகக் கேட்கும். ஒரு லேப்டாப், ஒரு ஆள். 35 பேர் எதற்கு?

அமெரிக்காவில் இறுதிச்சடங்கில் பியூகிள் (வால்வில்லாத சிறு எக்காளம்) ஊதவே ஆள் கிடைக்காமல், குழலுக்குள் ஒரு சின்ன ஒலிக்கருவியைச் செருகி, ஊதுவது போல நிற்கிறார்களே. அங்கே ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

பித்தளைக்குழல்

ஒலிபெருக்கி சார், தெருவில் நடக்கிற படைக்கு ஸ்பீக்கர் ஏன் சரிப்படாது என்பதை எண்களோடே பார்க்கலாம்.

சாதாரண பிரிட்டிஷ் நடை நிமிடத்துக்கு 120 அடி. அதாவது அரை விநாடிக்கு ஒரு காலடி. குளிர் நாளில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி நடப்பவனுக்கு 0.3 விநாடி தாமதமாகக் கேட்கும். அது அரைக் காலடிக்கும் மேல். 170 மீட்டர் தள்ளிப் போனால் முழுக் காலடி பிந்தும்: முன்னால் இடது கால் விழும்போது பின்னால் வலது கால் விழும்.

இது நேரடி பேண்டுக்கும் உண்டுதான். ஆனால் பேண்டு படையோடு கூடவே நகர்கிறது. உனக்கும் பேஸ் டிரம்முக்கும் உள்ள தூரம் மாறாது, ஆகவே தாமதமும் மாறாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தாமதத்துக்குப் பழகிவிடும். நீண்ட வரிசை என்றால் பேண்டை நடுவில் வைப்பார்கள், அல்லது இரண்டு பேண்டு வைப்பார்கள். நட்டு வைத்த ஸ்பீக்கரில் அது நடக்காது. ஒரு ஸ்பீக்கரை நெருங்கும்போது தாளம் முந்தி வரும், தாண்டிப் போகும்போது பிந்தி வரும். 50 மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒன்றின் அருகில் நிற்பவனுக்கு அடுத்ததன் அடி 0.15 விநாடி கழித்து எதிரொலி மாதிரி விழும். எந்த அடியில் கால் வைப்பது? வண்டியில் ஏற்றிக் கூடவே ஓட்டலாம் என்பீர்கள். சிறு அணிக்கு அது போதும். மரியாதை மேடையைக் கடக்கையில் இயந்திர இரைச்சலும் சேர்ந்து கேட்கும்.

இரண்டாவது, நேரம். மலர்வளையம் வைக்கப் பத்துப் பேர் என்று அட்டவணையில் இருக்கும். பதினாறு பேர் வருவார்கள், அதில் இருவர் கைத்தடி ஊன்றி வருவார்கள். பேண்டு நடத்துநர் கண்ணாலேயே சைகை காட்டி கடைசி எட்டு வரியைத் திரும்ப வாசிக்க வைப்பார். அணிவகுப்பு நிற்க வேண்டுமானால் பேஸ் டிரம்மில் இரட்டை அடி. அந்த வரியோடு எல்லாரும் நிறுத்துவார்கள்.

பியூகிள் விஷயம் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் பின்னணி வேறு. அமெரிக்காவில் 2000 ஜனவரி முதல், தகுதியுள்ள முன்னாள் வீரரின் குடும்பம் கேட்டால் இறுதி மரியாதை தர வேண்டும் என்பது சட்டம். குறைந்தது இரண்டு சீருடைக்காரர்கள், கொடி மடித்துக் கொடுத்தல், ‘டாப்ஸ்’ இசை. இரண்டாம் உலகப் போர் தலைமுறை மறைந்துகொண்டிருந்த காலம், ஊத ஆள் போதவில்லை. ஆகவே பதிவு செய்த ஒலிக்கும் சட்டம் இடம் தந்தது. பொத்தானை அழுத்திச் சில விநாடி கழித்து ஒலிக்கும். பேட்டரி தீர்ந்தால் கல்லறையருகே குழலை உதட்டில் வைத்தபடி நிற்க வேண்டியதுதான். ஆள் இல்லாத குறைக்குக் கண்டுபிடித்த ஒட்டு அது. அதைக் காட்டி ஆளே வேண்டாம் என்கிறீர்கள்.

ஒலிபெருக்கி

ஸ்பீக்கருக்குத் தாமதம் கொடுத்துச் சரி செய்யலாம். இது எங்கள் தொழிலில் தினப்படி வேலை.

பித்தளைக்குழல்

உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சரி செய்யலாம், ஒரு திசையில் கேட்பவர்களுக்குச் சரி செய்யலாம். நடந்துகொண்டே ஒவ்வொரு விநாடியும் இடம் மாறும் 200 பேருக்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்?

தேம்ஸ்கரையான்

வரவுசெலவு அண்ணை, உங்கட ‘இணைத்து ஏழாக்கு’ எண்ட யோசினையில ஒரு விசயம் விட்டுப்போச்சு. இந்த பேண்டுகளுக்கு வேலை வாறது ஒரே நாளில. போரில செத்த ஆக்களை நினைவுகூருற நவம்பர் இரண்டாம் ஞாயிறு, காலமை 11 மணி. நாட்டில உள்ள ஒவ்வொரு பட்டினத்துக்கும் அதே மணித்தியாலத்தில நினைவுத்தூணடியில பேண்டு வேணும். காலமை ஒரு ஊர், பின்னேரம் இன்னொரு ஊர் எண்டு ஓடேலாது. முழுநேர பேண்டுகளில பாதி அண்டைக்கு லண்டனிலயும் பெரிய நகரங்களிலயும் மாட்டுப்பட்டுக் கிடக்கும். அண்டைக்கு எத்தினை வாத்தியக்காரர் எண்டது கணக்கில்லை, எத்தினை தனித்தனிக் குழு எண்டதுதான் கணக்கு. 20-ஐ 7 ஆக்கினால் அந்த 11 மணிக்கு 13 ஊருக்கு இல்லை.

மற்றது, ரிசர்வ் ஆக்கள் வேலை முடிஞ்சு செவ்வாயோ புதனோ பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒத்திகைக்கு வருகினம். 20 கிலோமீட்டர் எண்டால் வருவினம். 100 கிலோமீட்டர் எண்டால் முதல் மாதம் வருவினம், மூண்டாம் மாதம் விலகல் கடிதம் வரும். அதிலயும் முதலில போறது யாரெண்டால் ஹார்ன்காரரும் பேஸ்காரரும். அவையளுக்கு எந்த ஊர் பேண்டிலயும் இடம் கிடைக்கும். மூண்டு பேண்டை இணைச்சு 100 பேர் வரும் எண்டு தாளில போட்டால், ஒத்திகையில 40 நிக்கும்.

ஆனால் பித்தளைக்குழல் அண்ணைக்கும் ஒண்டு. 35 எண்டு சொல்லுறியள். பதிவேட்டில 35, அணிவகுப்பில வந்து நிக்கிறது எத்தினை? அதை ஆரும் கேக்கிறேல்ல.

வரவுசெலவு

தேம்ஸ்கரையான் சரியான இடத்தில் கைவைத்தார். ஒரே மணி நேரத்தில் எல்லா ஊருக்கும் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு ஞாயிறு. அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆண்டு முழுக்க 20 கட்டமைப்பை வைத்திருப்பதா? ஊருக்கு ஒரு பியூகிள்காரர், நான்கு டிரம், ஒரு பாடகர் குழு இருந்தால் நினைவுநாள் நடந்துவிடும்.

‘2.6 ஆண்டுச் சம்பளம்’ என்ற கணக்கில் விட்டுப்போனவை: 27 நாளும் ஆண்டுத் தேர்வுகளும் முடித்தால் கொடுக்கும் வரியில்லாத ஊக்கத்தொகை, நிர்வாகத்துக்கு இருக்கும் முழுநேர ஆள், ஒத்திகைக் கூடத்தின் சூடேற்றும் செலவு, வாத்தியம், விழா உடை. சிவப்புக் கம்பளி மேல்சட்டை ஆளுக்கேற்றபடி தைக்கப்படுவது. ஆள் விலகினால் அடுத்தவருக்கு அப்படியே பொருந்தாது. பாதுகாப்பும் ஒரு செலவு. 1982-இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த 7 பேண்டுக்காரர்கள், அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் குண்டில் இறந்தார்கள். 1989-இல் டீல் நகரத்துக் கடற்படை இசைப்பள்ளியில் 11 பேர். அதற்குப் பிறகு முன்கூட்டியே அறிவித்து, திறந்தவெளியில், ஒரே இடத்தில் நிற்கும் சீருடைக் கூட்டம் என்றால் காவல்துறை, சாலை மறிப்பு, முன்னாய்வு எல்லாம் சேரும்.

அப்புறம் முகாம். 27-இல் 15 நாள் ஆண்டு முகாமுக்குப் போகிறது. பேண்டுகள் சைப்ரஸுக்கும் ஜிப்ரால்டருக்கும் போய் வருவது எல்லாருக்கும் தெரியும். அந்த 15-ஐ 8 ஆக்கினால் 35 பேருக்கு 245 நாள் மிச்சம், எந்த ஊருக்கும் ஒரு நிகழ்ச்சிகூடக் குறையாது. இதற்காவது ஒப்புக்கொள்வீர்களா?

பித்தளைக்குழல்

முகாமுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ‘நான்கு டிரம், ஒரு பியூகிள்’.

நடந்து வாசிக்கத் தாங்கும் குறைந்த அளவு ஏறத்தாழ 24 பேரும், கோல் பிடித்து முன்னால் நடத்திச் செல்லும் ஒரு டிரம் மேஜரும். முன்வரிசையில் டிரோம்போன் 3, ஸ்லைடு நீட்ட இடம் வேண்டும் என்பதால். டியூபா 2, யூஃபோனியம் 1, ஹார்ன் 2, கார்னெட் 5, கிளாரினெட் 4, சாக்ஸ் 2, பிக்கோலோ 1, சைடு டிரம் 2, பேஸ் டிரம் 1, சிம்பல் 1. இதில் 18 பேர் வந்தால் என்ன குறையும்? மெட்டு கேட்கும், பேஸ் கேட்கும். இரண்டு தாள அடிகளுக்கு நடுவில் ஹார்ன் தரும் எதிரடி போய்விடும். காலைத் தூக்க வைப்பது அந்த எதிரடிதான். திறந்தவெளியில் கார்னெட் இரண்டுதான் என்றால் ஒருவர் மூச்சு வாங்கும்போது மெட்டே அறுந்துபோகும். அதனால்தான் ஐந்து.

நாள் கணக்குக்கு வருவோம். இரண்டு மணி நேர ஒத்திகை கால் நாள். 40 வாரம் கூடினால் 10 நாள். முகாம் 15. ஆக 25. மிச்சம் இருப்பது 2 நாள்: ஜூன் கடைசியில் ஆயுதப்படை தினம் ஒன்று, நவம்பர் ஞாயிறு ஒன்று. தீர்ந்தது! 27-க்கு மேலே பேண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் நாட்களில்தான் மற்ற எல்லா நிகழ்ச்சியும் நடக்கிறது. வெட்டு விழுவதும் அங்கேதான். ஆகவே ‘10 சதவீதம் குறைத்தோம்’ என்று மேலே எழுதினால் கீழே நிகழ்ச்சிகளில் பாதி போகும். ஒத்திகையும் முகாமும் அப்படியே இருக்கும். ஊரார் பார்க்கிற பகுதி மட்டும் காணாமல் போகும். அடுத்த ஆண்டு ‘இந்த பேண்டு வெளியே வருவதே இல்லை, எதற்கு வைத்திருக்கிறோம்’ என்று அதே மேசையில் கேட்பார்கள்.

குளிர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஸ்பீக்கர் நண்பரும் ‘பியூகிள் போதும்’ நண்பரும் கேட்கட்டும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் குழல் வாத்தியத்தின் சுருதி கோட்பாட்டளவில் ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும் (அரைச்சுரம் 100 சென்ட்). அறையில் 20 டிகிரியில் சுருதி சேர்த்து, வெளியே 5 டிகிரிக்குப் போனால் 45 சென்ட், கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. ஊதுகிற மூச்சின் சூடு இதைப் பெரிதும் ஈடுகட்டும். ஆனால் டியூபாவில் காற்று அதிகம், சூடேற நேரம் பிடிக்கும். பிக்கோலோ சட்டென்று சூடாகும். அதனால் குளிரில் நின்றபின் வாசிக்கத் தொடங்கினால் மேலும் கீழும் பிரிந்து கேட்கும். தீர்வு: நினைவுநாள் மௌன நேரம் முடியும் முன்பே, சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டே இருப்பது. மவுத்பீஸைக் கையுறைக்குள் வைத்துக்கொள்வது. கருமரக் கிளாரினெட்டை வெளியே கொண்டுவராமல் பிளாஸ்டிக் கிளாரினெட் எடுத்து வருவது. குளிர்ந்த மரத்துக்குள் சூடான ஈரக்காற்று போனால் மேல் மூட்டில் வெடிப்பு விழும். வால்வு எண்ணெய் கெட்டியாகும், ஆகவே மெல்லிய எண்ணெய். இந்தப் பழக்கமெல்லாம் ஒத்திகை அறையில் வருவதில்லை. வெளியே வாசித்து வாசித்து வருவது.

காயக்கட்டு

இந்தப் பழக்கம் எல்லாம் ஊர் பித்தளை பேண்டுகளுக்கும் இருக்கிறது. வடக்கு இங்கிலாந்தில் சுரங்க ஊர் பேண்டுகள் நூறு ஆண்டுக்கும் மேலாகக் குளிரில் வாசிக்கின்றன. அரசு அவர்களுக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஊக்கத்தொகை, சீருடை, ஆண்டுத் தேர்வு ஒன்றும் வேண்டாம்.

அதோடு ஒரு அநியாயமும் குறையும். ராணுவ பேண்டு கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் நிகழ்ச்சிக்கும் வருகிறது. வாத்தியமும் கூடமும் உடையும் அரசுச் செலவு. அந்தப் பக்கம் சொந்தக் காசில் வாத்தியம் வாங்கிய கலைஞன் போட்டி போட வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது: ராணுவ இசைக்குழு உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்போடு போட்டி போடக்கூடாது. 2016-இல் மார்த்தா மெக்சாலி (விமானப்படையில் கர்னலாக இருந்து நாடாளுமன்றம் வந்தவர், பேண்டு வேண்டாத ஆளில்லை) விருந்து, நடனம் போன்ற இடங்களில் ராணுவ பேண்டு வாசிக்கப் பணம் தரக்கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்.

தேம்ஸ்கரையான்

காயக்கட்டு, ஊர் பேண்டுகள் நல்லாய்த்தான் வாசிக்கினம். ஆனால் ரிசர்வ் பேண்டில இருக்கிற ஆக்களில கனபேர் அந்த ஊர் பேண்டுகளின்ர ஆக்கள்தான், பள்ளிக்கூட இசை வாத்திமார்தான். ரெண்டும் ரெண்டு கூட்டமில்லை. அதுதான் ரிசர்வ் முறையின்ர லாபமும். ஆளின்ர கைப்பழக்கத்துக்கு வேறை ஆரோ சம்பளம் குடுக்கினம், வேறை எங்கையோ பயிற்சி நடக்குது. ராணுவம் குடுக்கிறது சேர்ந்து வாசிக்கிற நேரத்துக்கு மட்டும். சமையல்காரரை எடுத்தாலும் சாரதியை எடுத்தாலும் ரிசர்வ் எண்ட யோசினையே அதுதானே.

தனியார் நிகழ்ச்சி விசயத்தில உங்களோட நிக்கிறன். கலியாண வீட்டுக்கும் கம்பனி விருந்துக்கும் விழா உடையோட போறது தேவையில்லை. அதை நிப்பாட்டினால் பேண்டின்ர சொந்தக் கைக்காசு குறையும், அதில வாங்கிற இசைத்தாள்களும் திருத்தவேலையும் நிக்கும். அதுக்கு வேறை வழி வைக்காமல் நிப்பாட்டக்கூடாது.

வரவுசெலவு

திருத்தவேலை என்றதும் ஒன்று கேட்கிறேன். வாத்தியங்களுக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்று யாராவது எழுதிப் பார்த்தீர்களா? 35 பேருக்குத் தரமான வாத்தியம், அதிலும் இரண்டு மூன்று மாற்று. இதைத் தள்ளிப்போட்டால் என்ன குடி கெடும்? இரண்டு ஆண்டுக்கு வாங்காதீர்கள், திருத்தாதீர்கள்.

பித்தளைக்குழல்

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். டிரம்பெட், கார்னெட்டின் வாய்க்குழாயில் உமிழ்நீரின் ஈரம் தங்கும். சுத்தம் செய்யாமல் விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும், நடுவில் கறுப்பு. அது தெரியும்போது உள்ளிருந்து அரித்து முடிந்திருக்கும். அந்தக் குழாயை வெட்டி மாற்றுவதுதான் வழி. தடுக்க ஆகும் செலவு ஒரு வளையும் தூரிகை, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு. மாதம் ஒருமுறை. கொதிநீர் ஊற்றினால் அரக்குப்பூச்சு உரியும். வால்வுகளைக் கழற்றினால் 1, 2, 3 என்று எண் பார்த்து அதனதன் உறையிலேயே திரும்பப் போட வேண்டும். மாறிப் போனால் காற்றே போகாது. புதியவர்கள் அடிக்கடி செய்து விழிக்கும் இடம் அது.

கிளாரினெட்டில் ஒரு பேட் (துளையை மூடும் சிறு மெத்தை) கசிந்தால் கீழ்ச்சுரங்கள் வராது. வாசிப்பவர் விரலை இறுக்கி அழுத்துவார். அதனால் சாவிக் கம்பி வளையும். பேட் மாற்றுவது அரை மணி வேலை. வளைந்த சாவியை நேராக்கி எல்லாவற்றையும் மீண்டும் சமன்செய்வது பட்டறையில் ஒரு நாள். சிக்கிய மவுத்பீஸை இடுக்கியால் திருகி, வாய்க்குழாயையே பிய்த்துக்கொண்டு வருவதும் உண்டு. அதை இழுக்கும் சின்னக் கருவி ஒன்று கூடத்தில் இருந்தால் போதும்.

ஆகவே வாங்குவதை இரண்டு ஆண்டு நிறுத்துங்கள், சமாளிப்பார்கள். திருத்துவதை நிறுத்தினால் மூன்றாம் ஆண்டு மொத்தமாக வாங்க வேண்டிவரும்.

முகாம்: 15-ஐ 8 ஆக்கலாமா? எனக்கு முழுச் சம்மதம் இல்லை, முழு மறுப்பும் இல்லை. கோடையில் முழுநேர பேண்டுகள் விடுப்பில் இருக்கும்போது அவர்களுடைய கடமையை ஏற்கும் முகாம் என்றால் 15 நாளும் வேண்டும். கடற்கரைக் கச்சேரி என்றால் 8 போதும். ஆனால் மிச்சமாகும் 7 நாளும் அதே பேண்டுக்கு நிகழ்ச்சி நாளாகத் திரும்பி வர வேண்டும். பொதுக் கணக்கில் போய் விழுந்தால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வரவுசெலவு

அங்கேதான் முட்டுகிறோம். திரும்பி வந்தால் அது சேமிப்பே இல்லை.

சரி, அளவுகோலுக்கு வாருங்கள். அமெரிக்கத் தணிக்கையாளர் கேட்டதையே நானும் கேட்கிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐந்து வரி எழுதட்டும்: யார் கேட்டார்கள், எத்தனை பேர் வந்து வாசித்தார்கள், பயணம் உட்பட எத்தனை நாள் செலவானது, அதே இடத்தில் அதே நேரத்தில் வேறு ராணுவப் பிரிவு எது இருந்தது, ஆள்சேர்ப்பு மேசை போட்டிருந்தால் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கை வேண்டாம், அது யாரும் கண்ணால் தூக்கிப் போடும் எண். இரண்டு ஆண்டு எழுதிய பிறகு, 24 பேர் தேறாத நிகழ்ச்சி பாதிக்கு மேல் உள்ள பேண்டை மூடுங்கள்.

பித்தளைக்குழல்

ஆறாவது வரி ஒன்று சேருங்கள்: முடியாது என்று திருப்பி அனுப்பிய அழைப்புகள், காரணத்தோடு. ஆள் இல்லையா, நாள் இல்லையா, வாகனம் இல்லையா? அது இல்லாமல் நீங்கள் அளப்பது பேண்டு செய்த வேலையை. பேண்டுக்கு இருந்த தேவையை அல்ல. பயிற்சி நாளை வெட்டிவிட்டு, 24 பேர் தேறவில்லை என்று மூடுவது நியாயமா?

காயக்கட்டு

வார நாள் அழைப்புகளைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். ராணுவ இறுதிச்சடங்குகள் வார நாட்களிலும் வரும், அன்றைக்கு ரிசர்வ் ஆள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் வேண்டியது ரிசர்வ் பேண்டு அல்ல, இன்னொரு முழுநேர பேண்டு என்றாகிவிடும்.

தேம்ஸ்கரையான்

அப்பிடி வந்தால் வரட்டும். ஆனால் இறுதிச்சடங்குக்கு 24 பேர் தேவைப்படாது. ஒரு பியூகிள்காரர், ஒரு டிரம். ரிசர்வில ஓய்வெடுத்த ஆக்களும் மாறுநேர வேலைக்காரரும் இருக்கினம். பேண்டுக்கு மூண்டு நாலு பேரை வார நாளுக்கெண்டு பெயர் குறிச்சு வைச்சால் அந்தப் பட்டியலில முக்கால்வாசி முடியும். பெயர் குறிக்கேக்க பியூகிளை மட்டும் பாக்க வேணும். கார்னெட் நல்லாய் வாசிக்கிறவர் எல்லாரும் வால்வில்லாத குழலில குளிருக்க ‘லாஸ்ட் போஸ்ட்’ எண்ட நினைவு இசையின்ர மேல் சுரம் பிடிக்கமாட்டினம்.